சுமாராகப் படிக்கும் பிள்ளைக்கு எந்தப் பள்ளி?



மே 5ஆம் தேதி வணிகர் தினத்துக்குக் கடையை அடைத்துவிட்டு மாநாட்டுக்குப் போய்வந்த அலுப்புத் தீருவதற்குள் பிளஸ் டூ தேர்வு முடிவு வந்துவிடுகிறது. 2023இல் மே 8, 2024இல் மே 6, 2025இல் மீண்டும் மே 8. முடிவு வந்த மறுநாளே அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து ஆவடி வரை சி.டி.எச். சாலையின் இருபுறமும் பிளக்ஸ் பேனர்கள் முளைக்கின்றன. பூந்தமல்லி டிரங்க் ரோட்டிலும் அதே காட்சிதான். 600க்கு 590க்கு மேல் வாங்கிய பத்துப் பிள்ளைகளின் படம், நடுவில் தாளாளர் படம், மூலையில் "சேர்க்கை நடைபெறுகிறது" என்ற வாசகம்.

அந்தப் பத்துப் பிள்ளைகளும் நன்றாக இருக்கட்டும். உழைத்துப் படித்தவர்கள், பாராட்ட வேண்டியவர்கள். ஆனால் அந்தப் பேனரைப் பார்த்துவிட்டு மறுவாரமே மகனைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தப் பள்ளி வாசலில் நிற்கிறாரே நம் கடைக்காரர், அவருடைய பிள்ளை 100க்கு 50, 55 வாங்குகிற பிள்ளை. கணக்கில் சில சமயம் 40. முட்டாள் இல்லை, சோம்பேறியும் இல்லை. கடையில் உட்காரவைத்தால் மீதிச் சில்லறை தப்பாமல் கொடுக்கும். ஆனால் பரீட்சைத் தாளில் அந்தச் சாமர்த்தியம் வராது. நம் வீடுகளில் பெரும்பாலான பிள்ளைகள் இப்படித்தான். என் வீட்டிலும் அப்படி உண்டு. நான் படித்ததே பழைய பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. வரைதான், அதுவும் முதல் வகுப்பு இல்லை.

இந்தப் பிள்ளைக்கு எந்தப் பள்ளி நல்ல பள்ளி என்பதைப் பற்றி நம் இதழில் யாரும் எழுதிப் பார்த்ததில்லை. எழுதுவதெல்லாம் முதல் மதிப்பெண் வாங்கிய உறுப்பினர் பிள்ளைகளுக்குப் பரிசளிப்பு விழாச் செய்திதான். ஆகவே, முப்பத்தைந்து வருஷமாக அரிசி, பருப்பு மொத்த வியாபாரம் செய்து வருகிறவன் என்ற முறையில், சரக்குப் பார்க்கிற கண்ணோடு இந்த விஷயத்தைப் பார்த்து எழுதுகிறேன்.

அரிசி மூட்டை வாங்குகிறவன் மேலே தெரிகிற அரிசியைப் பார்த்து விலை பேசமாட்டான். குத்தூசியை மூட்டையின் நடுவிலும் அடியிலும் செருகி, வருகிற அரிசியை உள்ளங்கையில் கொட்டி, நொய் எவ்வளவு, கல் எவ்வளவு என்று பார்ப்பான். பேனரில் இருக்கும் பத்துப் படம் மூட்டையின் வாய். நம் பிள்ளை இருக்கப்போவது நடுவிலும் அடியிலும். ஆகவே பள்ளிக்கூடத்தில் நாம் கேட்க வேண்டிய கேள்வி "உங்கள் முதல் மாணவன் எவ்வளவு வாங்கினான்?" என்பதல்ல. "உங்கள் கடைசி இருபது பிள்ளைகள் எவ்வளவு வாங்கினார்கள், அவர்கள் எல்லாரும் ஆறாம் வகுப்பிலிருந்து உங்களிடமே படித்தவர்களா?" என்பதுதான்.

தேர்ச்சி விகிதம் இதற்குப் பதிலாகாது. 2025இல் மாநிலம் முழுவதும் பிளஸ் டூ தேர்ச்சி 95.03 சதவீதம், பத்தாம் வகுப்பு 93.80 சதவீதம். ஊரே தேறுகிற காலத்தில் "நூற்றுக்கு நூறு தேர்ச்சி" என்று ஒரு பள்ளி போர்டு வைத்தால் அதில் நமக்குத் தெரியவருவது குறைவு. நூறு பேர் எழுதி நூறு பேர் தேறினார்களா, நூற்றைம்பது பேர் படித்துக்கொண்டிருந்த இடத்தில் ஐம்பது பேரைக் கழித்துவிட்டு நூறு பேரை எழுதவைத்தார்களா என்பதைப் போர்டு சொல்லாது.

ஒன்பதாம் வகுப்பு என்னும் வாசல்

இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகளுக்கு அடி விழுவது இந்த இடத்தில்தான்.

2009இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு வெளியேற்றக்கூடாது என்கிறது. தேர்வு வைத்து வடிகட்டிச் சேர்ப்பதும் எட்டு வரை கூடாது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய், அடுத்தடுத்த முறை 50,000 ரூபாய் அபராதம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. நன்கொடை வாங்கினால் வாங்கியதைப் போல் பத்து மடங்கு வரை அபராதம். 2019இல் வந்த திருத்தம் ஐந்திலும் எட்டிலும் பெயிலாக்க மாநிலங்களுக்கு இடம் கொடுத்தது. தமிழ்நாடு அந்த வழியில் போகவில்லை. அந்தத் திருத்தத்திலும்கூட வெளியே அனுப்பும் அதிகாரம் கிடையாது.

ஆனால் சட்டம் எட்டோடு நின்றுவிடுகிறது. பொதுத்தேர்வு பத்தில் வருகிறது. நடுவில் இருப்பது ஒன்பது. பேனருக்கு இடைஞ்சலாக இருக்கும் பிள்ளையைக் கழற்றிவிட நினைக்கும் பள்ளிக்கு அந்த ஒன்பதாம் வகுப்புதான் வாசல்.

திருமுல்லைவாயில் பக்கம் மளிகைக்கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஏப்ரல் மாதம் என் கடைக்கு வந்தார். சரக்கு எடுக்க வந்தவர் சீட்டை நீட்டாமலே நின்றார். "அண்ணாச்சி, பையனுக்கு டி.சி. வாங்கிக்கங்கன்னு சொல்லிட்டாங்க" என்றார். எல்.கே.ஜி.யில் சேர்த்த பிள்ளை. பதினோரு வருஷம் ஒரு தவணை தவறாமல் கட்டியிருக்கிறார். ஒன்பதாம் வகுப்பு முழுப் பரீட்சையில் கணக்கில் 31, அறிவியலில் 38. பள்ளியில் அவரிடம் சொன்னது இதுதான்: "இங்கேயே இருந்தால் மறுபடியும் ஒன்பதாவது. வேறு பள்ளிக்குப் போவதாக இருந்தால் தேர்ச்சி என்று போட்டு டி.சி. தருகிறோம்."

நீங்களே யோசித்துப் பாருங்கள். பிள்ளை பெயில் என்றால் எங்கே போனாலும் பெயில். பாஸ் என்றால் இங்கேயே பத்தாவது உட்காரலாம். வெளியே போனால் பாஸ், உள்ளே இருந்தால் பெயில் என்பது என்ன கணக்கு? ஒரே சரக்குக்கு இரண்டு எடை போடுகிற வேலைதானே இது? நம்மில் ஒருவர் அப்படிச் செய்தால் முத்திரை ஆய்வாளர் தராசைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

அவர் அந்தப் பையனை அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் சேர்த்தார். முதல் மூன்று மாதம் பையன் யாரிடமும் பேசவில்லை. பழைய பள்ளியின் வேன் கடைப்பக்கம் வந்தால் உள்ளே போய்விடுவானாம். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு "நீ வேண்டாம்" என்று ஓர் இடம் சொன்னால் அது மதிப்பெண்ணோடு போகிற விஷயமில்லை. பிறகு அங்கே ஒரு கணக்கு வாத்தியார் கிடைத்தார். பத்தாவதில் 500க்கு 327 எடுத்தான், வணிகவியல் பிரிவு படித்தான், பி.காம். முடித்தான். இன்றைக்கு அப்பாவின் கடைக்கும் அக்கம்பக்கத்து நாலு கடைகளுக்கும் ஜி.எஸ்.டி. கணக்கை அவன்தான் பார்க்கிறான். இது நல்லபடியாக முடிந்த ஒரு வழக்கு. முடியாதவை எத்தனையோ.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், பழைய மாநில ரேங்க் காலத்துக்குப் போக வேண்டும். மாநிலத்தில் முதல் மூன்று இடம் என்று பேப்பரில் படம் வரும். பிளஸ் டூ மதிப்பெண்தான் எஞ்சினீயரிங்குக்கும், 2016 வரை மருத்துவத்துக்கும் வழி. அந்தக் காலத்தில் நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகளுக்கு நம் அம்பத்தூரிலிருந்தும் ஆவடியிலிருந்தும் எத்தனை பேர் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டார்கள்! கோழிப்பண்ணை ஊர் என்பதாலோ என்னவோ, "பிராய்லர் பள்ளி" என்று ஜனங்களே பெயர் வைத்தார்கள். பதினோராம் வகுப்புப் பாடத்தையே தொடாமல் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை இரண்டு வருஷம் உருப்போடவைப்பது, ஒன்பதாவதிலேயே பத்தாவது பாடத்தை ஆரம்பித்துவிடுவது எல்லாம் அப்போது பரவிய வழக்கம்.

2017 மே மாதம் அரசு ரேங்க் அறிவிப்பை ஒழித்தது. அது நல்ல காரியம். அடுத்து, பதினோராம் வகுப்புப் பாடத்தை ஏமாற்றக்கூடாது என்பதற்காகப் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். முதல் தேர்வு 2018 மார்ச்சில் நடந்தது. பிளஸ் டூ மதிப்பெண் 1200லிருந்து 600 ஆனதும் அந்தச் சமயத்தில்தான். பிறகு 2025 ஆகஸ்ட் 8ஆம் தேதி வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2025-26 முதல் நீக்கப்பட்டது. பிள்ளைகளுக்கு அடுத்தடுத்து மூன்று வருஷம் பொதுத்தேர்வு என்பது பாரம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் தேர்வு போனதும் பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தாண்டிக் குதிக்கும் ஆசை சில பள்ளிகளுக்குத் திரும்பவும் வரும். கெட்டிக்காரப் பிள்ளை அதைச் சமாளித்துவிடும். அஸ்திவாரம் இல்லாமல் மேல்மாடி கட்டினால் தடுமாறுவது நம் பிள்ளை. ஆகவே பதினோராம் வகுப்பு மாணவனின் நோட்டை வாங்கிப் பாருங்கள். ஜூலை மாதத்தில் எந்தப் பாடப்புத்தகம் நடக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

இருப்புக் கணக்கு எடுங்கள்

சரி, பள்ளி ஒன்பதாவதில் பிள்ளையைக் கழற்றிவிடுமா என்பதை எல்.கே.ஜி.யிலோ ஆறாம் வகுப்பிலோ சேர்க்கும்போது எப்படித் தெரிந்துகொள்வது? நமக்குத் தெரிந்த வழிதான். இருப்புக் கணக்கு.

ஆறாம் வகுப்பில் எத்தனை செக்ஷன், பத்தாம் வகுப்பில் எத்தனை செக்ஷன் என்று கேளுங்கள். ஆறில் ஐந்து செக்ஷனும் பத்தில் மூன்று செக்ஷனும் இருந்தால், இருநூறு மூட்டை வரவு, நூற்றிருபது மூட்டை இருப்பு என்று அர்த்தம். மீதி எண்பது எங்கே? வீடு மாறிப் போனவர்கள் இருப்பார்கள். ஆனால் நம் பகுதியில் போகிறவர்களைப் போலவே வருகிறவர்களும் உண்டு. அம்பத்தூரும் ஆவடியும் வருஷா வருஷம் வளர்கிற ஊர்கள். ஆகவே வீடு மாற்றம் என்ற ஒரு காரணத்தால் மட்டும் இரண்டு செக்ஷன் காணாமல் போகாது. புதிதாகத் தொடங்கி மேல்வகுப்பு இப்போதுதான் எட்டிப்பிடிக்கும் பள்ளியாக இருந்தால் அது வேறு கணக்கு, அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கேள்வியை அலுவலக அறையில் கேட்டால் அழகான பதில் வரும். பள்ளிக்கு எதிரே பெட்டிக்கடை, ஜெராக்ஸ் கடை, ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிறாரே நம் ஆள், அவரிடம் கேளுங்கள். எந்த வகுப்புக்கு எத்தனை நோட்டு போகிறது என்பது அவருக்கு அத்துப்படி. எந்த வாத்தியார் வருஷத்துக்கொரு தரம் மாறுகிறார், எந்த வகுப்புப் பிள்ளைகள் சாயங்காலம் அழுத முகத்தோடு வருகிறார்கள் என்பதும் தெரியும். வேன் டிரைவருக்கும் தெரியும். நான் நாலு மணிக்கு மணியடிக்கும்போது வாசலில் அரைமணி நேரம் நின்று பார்ப்பதைப் பெரிதாக நினைக்கிறவன். பிள்ளைகள் வெளியே வரும் முகமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். பத்தாவது படிக்கும் பிள்ளைகளை இரவு எட்டு மணி வரை வைத்திருக்கிறார்களா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

இன்னொரு கேள்வி, பதினோராம் வகுப்பில் என்னென்ன பிரிவு இருக்கிறது என்பது. இது மிகவும் முக்கியம். சில பள்ளிகளில் கணக்கு-உயிரியல், கணக்கு-கம்ப்யூட்டர் என்ற இரண்டு பிரிவு மட்டும்தான் இருக்கும். பத்தாவதில் 300 வாங்கிய பிள்ளைக்கு அங்கே இடமில்லை. "வேறு இடம் பாருங்கள்" என்பார்கள். இது ஒன்பதாம் வகுப்பு வாசலுக்கு அடுத்த வாசல். வணிகவியலும் கணக்குப்பதிவியலும் இருக்கும் பள்ளியாகப் பாருங்கள். வியாபாரிகளின் பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் அன்னியமில்லை. பற்று, வரவு, பேரேடு, ஐந்தொகை எல்லாம் வீட்டில் காதில் விழுந்த வார்த்தைகள். கணக்கில் 40 வாங்கிய பையன் கணக்குப்பதிவியலில் 85 வாங்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

"எப்படியும் கடையில்தானே உட்காரப்போகிறான், எங்கே படித்தால் என்ன?" என்று பேசுகிறவர்களும் நம்மில் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்வேன். நாம் சிட்டைக் கணக்கோடு காலத்தை ஓட்டிவிட்டோம். 2017 ஜூலை 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்த அன்றைக்கு நம்மில் எத்தனை பேர் ஆடிட்டர் வாசலில் வரிசையில் நின்றோம் என்பது மறந்துபோயிருக்காது. சூப்பர் மார்க்கெட்டும் செல்போன் ஆர்டரும் தெருமுனை வரை வந்துவிட்ட பிறகு, சுமாராகப் படிக்கும் பிள்ளைக்குத்தான் நல்ல படிப்பு அதிகம் தேவைப்படுகிறது. கெட்டிக்காரப் பிள்ளை எப்படியும் பிழைத்துக்கொள்ளும்.

எந்த வாரியம், எந்த மொழி

மெட்ரிகுலேஷன் என்றால் தனிப் பாடத்திட்டம் என்று இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது 2010 வரை. சமச்சீர் கல்விச் சட்டம் 2010இல் வந்து, முதலில் ஒன்றாம், ஆறாம் வகுப்புகளுக்கும், 2011 ஆகஸ்ட் 9ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு மற்ற வகுப்புகளுக்கும் நடைமுறையானது. அரசுப் பள்ளியிலும் மெட்ரிகுலேஷன் பள்ளியிலும் இப்போது ஒரே பாடத்திட்டம், பத்தாவதில் ஒரே பொதுத்தேர்வு. வித்தியாசம் கட்டிடத்திலும் கட்டணத்திலும் வாத்தியாரிலும்தான்.

சி.பி.எஸ்.இ. பள்ளிகள் நம் பக்கம் கடந்த பதினைந்து வருஷத்தில் நிறைய வந்துவிட்டன. கெட்ட படிப்பு என்று சொல்லமாட்டேன். அடிக்கடி மாற்றலாகும் உத்தியோகஸ்தருக்கு அது சௌகரியம். நாம் கடையை விட்டு எங்கும் போகப்போவதில்லை. ஆவடியில் கேந்திரிய வித்யாலயா இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: அங்கே மாற்றலாகும் மத்திய அரசு ஊழியர் பிள்ளைகளுக்குத்தான் முதல் வரிசை. வியாபாரிகளான நாம் கடைசி வரிசை. எம்.பி. சிபாரிசு ஒதுக்கீடும் 2022இல் எடுக்கப்பட்டுவிட்டது.

மொழி விஷயத்தில் என் அபிப்பிராயம் சிலருக்குப் பிடிக்காது. வீட்டில் இங்கிலீஷில் பாடம் சொல்லித்தர ஆளில்லாமல், இரவு பத்து மணிக்குக் கடையடைத்து வரும் அப்பாவும், பகலெல்லாம் கடையில் கூடமாட நிற்கும் அம்மாவும் இருக்கும் வீட்டில், அறிவியலையும் சமூக அறிவியலையும் புரியாத மொழியில் உருப்போடும் பிள்ளை சுமாராகத்தான் வரும். அது பிள்ளையின் குறையா, மொழியின் குறையா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். தமிழில் சொன்னால் டக்கென்று புரிந்துகொள்கிற பிள்ளையா என்று ஒரு வாரம் நீங்களே சோதித்துப் பாருங்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலைகளில் 20 சதவீத முன்னுரிமை 2010ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. 2020 திருத்தத்துக்குப் பிறகு முழுப் படிப்பும் தமிழ்வழியில் இருந்தால்தான் அது கிடைக்கும். பாதியில் மாறினால் இல்லை.

அரசுப் பள்ளி என்றதும் முகம் சுளிக்கிற வழக்கத்தையும் நாம் விட வேண்டும். எல்லா அரசுப் பள்ளியும் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. தலைமையாசிரியரைப் பொறுத்தது அது. நல்ல தலைமையாசிரியர் மாற்றலாகிப் போனால் இரண்டே வருஷத்தில் பள்ளி இறங்கிவிடும். ஆனால் அங்கே ஒன்பதாவதில் யாரும் பேனருக்காகப் பிள்ளையை வெளியே தள்ளுவதில்லை; தனியார் தள்ளிய பிள்ளைகளை வாங்கிக்கொள்வதே அவர்கள்தான். கீழ்வகுப்புகளில் 2022 முதல் நடக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் கற்ற அளவுக்குத் தக்கபடி பிரித்துச் சொல்லித்தருகிறார்கள். பிந்திய பிள்ளைக்கு ஏற்ற முறை அது.

இங்கே ஒரு தேதிக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020இல் வந்தது. எஞ்சினீயரிங் போன்ற தொழிற்படிப்புகளுக்கு 2021இல் விரிந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆகவே இந்தத் தீர்மானத்தை ஐந்தாம் வகுப்பு முடியும்போதே எடுக்க வேண்டும். பத்தாவதில் எடுத்துப் பயனில்லை. அரசு உதவிபெறும் பள்ளி இதில் சேராது. இதைத் தெரியாமல் சேர்த்துவிட்டுப் பிறகு வருந்தியவர்கள் நம் பகுதியிலேயே இருக்கிறார்கள்.

பெண்பிள்ளைகள் விஷயம். பையன் சுமாராகப் படித்தால் டியூஷன் வைக்கிறோம், பெண் சுமாராகப் படித்தால் மாப்பிள்ளை பார்க்கிறோம். இது சரியில்லை. அம்பத்தூரில் பெருந்தலைவர் காமராஜர் பெயரில் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. பெண்களுக்கென்றே தனி அரசு ஐ.டி.ஐ.யும் அம்பத்தூரில் இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் வந்தது.

ஐ.டி.ஐ. என்றால் படிக்காதவன் போகிற இடம் என்ற எண்ணமும் தவறு. 1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து பிட்டரும் டர்னரும் சேர்ந்து வளர்த்த ஊர் இது. ஆவடி டாங்கித் தொழிற்சாலையும் அப்படித்தான். பட்டறை வைத்திருக்கும் நண்பர்களைக் கேட்டால், பி.இ. படித்தவன் வரிசையில் நிற்கிறான், கைவேலை தெரிந்தவன் கிடைக்கவில்லை என்கிறார்கள். பத்தாவது முடித்து மூன்று வருஷம் பாலிடெக்னிக் டிப்ளமோ. விருப்பமிருந்தால் அதிலிருந்து நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டு. மெதுவாக நடக்கிற பிள்ளைக்கு இது நல்ல பாதை.

கட்டணத்தைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை, விலை பேசுவது நமக்குத் தெரியும். 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் உள்ள குழு தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்கிறது. அந்த உத்தரவைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பில் இல்லாமல் பணம் கேட்டால், பில் இல்லாச் சரக்கை என்ன செய்வோமோ அதைச் செய்யுங்கள். சிறு கடைக்காரர்கள் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடங்களையும் விசாரிக்க வேண்டும். வீட்டுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் சிறுபான்மையல்லாத தனியார் பள்ளியில் நுழைவு வகுப்பில் இடம் கிடைக்கும்.

தூரம் என்பதையும் கட்டணமாகவே எண்ணுங்கள். பட்டாபிராமிலிருந்து அண்ணாநகர் போய்வரும் பிள்ளைக்கு மூன்று மணி நேரம் சாலையிலேயே போய்விடுகிறது. பேர் பெற்ற பள்ளி என்று தூரமாகப் போடுவதைவிட, அந்த மூன்று மணி நேரத்தில் ஒரு மணி நேரம் விளையாட்டும் ஒரு மணி நேரம் பாடமும் ஒரு மணி நேரம் தூக்கமும் மேல். வேனில் அனுப்பத்தான் வேண்டுமென்றால், 2012 ஜூலையில் தாம்பரம் பக்கம் பள்ளிப் பேருந்தின் ஓட்டை வழியே ஒரு குழந்தை விழுந்து இறந்த பிறகு அரசு கொண்டுவந்த சிறப்பு விதிகள் இருக்கின்றன. வண்டியில் உதவியாளர் இருக்கிறாரா என்றாவது பாருங்கள். கட்டிட உரிமம், தீயணைப்புச் சான்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம். 2004 ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்தில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த மாநிலம் இது.

பள்ளி மாற்றுவதற்கு முன் இன்னொன்று. பிள்ளையின் கண்ணைப் பரிசோதியுங்கள். கரும்பலகை தெரியாமல் பின் பெஞ்சில் உட்கார்ந்து "மக்கு" பட்டம் வாங்கிய பிள்ளைகள் எத்தனையோ பேர். கண் சரியாக இருந்தும், வாயால் கேட்டால் பதில் சொல்லி, எழுதச் சொன்னால் எழுத்தை மாற்றிப் போடும் பிள்ளையாக இருந்தால், அது டிஸ்லெக்ஸியா என்னும் கற்றல் குறைபாடாக இருக்கலாம். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் 1990களின் தொடக்கத்திலிருந்து இதற்காகவே இயங்குகிறது. முறைப்படி சான்றிதழ் பெற்றால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் உண்டு. சேர்க்கும் பள்ளியில் இதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "அப்படிப்பட்ட பிள்ளைகள் எங்களிடம் இல்லை" என்று பெருமையாகச் சொன்னால் எழுந்து வந்துவிடலாம்.

வியாபாரிகளுக்கும் பள்ளிக்கும் உள்ள உறவு புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் விருதுநகர் வியாபாரிகள் மகமைப் பணமும் வீட்டுக்கு வீடு பிடியரிசியும் சேர்த்து க்ஷத்திரிய வித்யாசாலா பள்ளியை நடத்தினார்கள். காமராஜர் படித்தது அங்கேதான். குடும்ப நிலைமையால் சிறுவயதிலேயே படிப்பை விட்டு மாமாவின் ஜவுளிக்கடையில் நின்றவர் அவர். முதலமைச்சரானதும் 1956இல் மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். முதல் மதிப்பெண் வாங்குகிறவனுக்கு மட்டும் சோறு என்று அவர் சொல்லவில்லை.

மகமை வசூலித்துப் பள்ளி கட்டும் சக்தி இன்றைக்கு நம் கிளைகளுக்கு இல்லை. ஆனால் ஒரு சின்ன வேலை செய்யலாம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, திருவேற்காடு, பட்டாபிராம் வட்டாரத்தில் பள்ளிகளுக்கு எதிரே கடை வைத்திருக்கும் உறுப்பினர்கள், அந்தப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் எத்தனை செக்ஷன், ஒன்பதில் எத்தனை, பத்தில் எத்தனை, பிளஸ் ஒன்னில் வணிகவியல் உண்டா என்ற நான்கு விவரங்களை ஒரு சீட்டில் எழுதி, அடுத்த கூட்டத்துக்கு வரும்போது செயலாளரிடம் கொடுங்கள். யார் எழுதினார்கள் என்ற பெயர் வேண்டாம். பள்ளிவாரியாகப் பதிவேட்டில் ஏற்றிச் சங்க அலுவலகத்தில் வைத்துவிடுகிறோம். சேர்க்கைக்கு அலைகிற உறுப்பினர்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம். பத்து மணி முதல் ஒரு மணி வரை அலுவலகம் திறந்திருக்கும், ஞாயிறு விடுமுறை.